சேற்றுக்குள் ஒரு மூச்சு



நம் வாலாஜாபேட்டை நெசவுக்குப் பேர்போன ஊர். தோல் பதனிடும் ஷாப்புகள் பக்கத்தில் ராணிப்பேட்டையிலும் மேல்விஷாரத்திலும், இன்னும் மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடியிலும் இருக்கின்றன. ஆனாலும் காற்று திரும்பினால் அழுகிய முட்டை வாடை நம் தெருவரைக்கும் வந்துவிடுகிறது. எதனால் என்று கேட்டால், 'எல்லாம் கெமிக்கல்' என்பார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பிழைப்பதற்காக விடும் மூச்சு. அந்த மூச்சைத் தெரிந்துகொண்டால் சில உயிர்களைக் காப்பாற்றலாம் என்பதால் இந்த மாதம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நாமும் சரி, நுண்ணுயிர்களும் சரி, உணவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்துத்தான் பிழைக்கிறோம். அவை கைமாறிக் கைமாறிப் போகும் வழியில் கிடைக்கும் ஆற்றலை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில் செல் சேமித்துக்கொள்கிறது. கடைசியில் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டுமே! நமக்கு அது ஆக்சிஜன். வேறு வழி கிடையாது. பாக்டீரியாக்களின் உலகம் அப்படி இல்லை. ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட்டை வைத்துப் பிழைக்கும் கூட்டம் உண்டு. அதுவும் தீர்ந்தால் சல்ஃபேட்டை நம்பி வாழும் கூட்டம் தலையெடுக்கும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. தேறும். வெறுமனே புளிக்க வைத்தால் இரண்டே இரண்டு. அதனால் காற்று இருக்கும்வரை காற்றை நம்பும் கூட்டத்தின் கைதான் ஓங்கியிருக்கும்.

தோல் ஷாப்புகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் ஓடுகின்றன. மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் 1914இல் வெளியிட்ட முறை அது. கழிவுநீரில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், அதிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் பாக்டீரியாக்கள் தின்று தீர்க்கும். தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அங்கே வேலை செய்பவர்கள் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் நீரை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். பழுப்பு நிறத்தில் திரிதிரியாகச் சேறு கீழே இறங்கி, மேலே நீர் தெளிந்தால் நிம்மதி. அந்தத் திரிகள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் கூட்டம். சேறு கறுத்து நாறத் தொடங்கினால் காற்று போதவில்லை என்று பொருள்.

கரண்ட் போய்க் காற்று ஊதும் இயந்திரம் நின்றாலோ, கழிவுநீர் எங்காவது மூடிய தொட்டியில் தேங்கினாலோ ஆக்சிஜன் சீக்கிரமே காலியாகிவிடும். தோல் ஷாப்பு நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை. பதனிட குரோமியம் சல்ஃபேட், சுண்ணாம்பை நீக்க அமோனியம் சல்ஃபேட், அமிலக் குளியலுக்குச் சல்ஃப்யூரிக் அமிலம். டீசல்ஃபோவிப்ரியோ போன்ற பாக்டீரியாக்களுக்கு இது விருந்து. அவை எலக்ட்ரான்களைச் சல்ஃபேட்டிடம் ஒப்படைத்துவிட்டு அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன. முடி நீக்கும் தொட்டியிலிருந்து வரும் சோடியம் சல்ஃபைடு நீர் அமில நீரோடு கலந்தால், பாக்டீரியாவின் உதவியே இல்லாமல் அதே வாயு கிளம்பும். 'கெமிக்கல்' என்று நான் சொன்ன பாதி அதுதான்.

ஒருவர் கழிவு இன்னொருவருக்கு உணவு என்பதும் இங்கே உண்டு. சாக்கடைகளில் வெண்ணிற நூல் போலப் படியும் பெஜ்ஜியடோவா அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடையே தின்று ஆற்றல் பெறுகிறது. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1887இல் இதை எடுத்துச் சொன்னார்.

இத்தனை கெட்டிக்கார உயிர்களாலும் உப்பை ஒன்றும் செய்ய முடியாது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கப் போடும் உப்பில் அவற்றுக்கு எடுத்துக்கொள்ள ஆற்றலே இல்லை. அதனால்தான் பாலாற்றங்கரைக் கிணறுகள் கரித்தன. உப்பைப் பிரிக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் இயந்திரங்களும் தேவைப்பட்டன. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், தோல் ஷாப்புக் கழிவை எதிர்த்து வந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்ததற்கும் இந்த மண்ணும் நீரும் பட்ட பாடுதான் காரணம்.

பாக்டீரியாக்கள் தொட்டியில் தின்றதில் ஒரு பங்கு அவற்றின் உடம்பாகிச் சேறாகச் சேர்கிறது. சேர்ந்ததை எங்கே வைப்பது என்ற கவலை ஓய்வதே இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்து, பக்கத்து ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

தொட்டியில் இறங்கி வாயு தாக்கிச் சாகும் செய்தியும் நம் வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் செல்களுக்குள் ஆற்றல் செய்யும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்ததுதான். எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும் அதன் கடைசிப் படியையே ஹைட்ரஜன் சல்ஃபைடு அடைத்துவிடுகிறது. அதன்பின் நுரையீரல் நிறையக் காற்று இருந்தாலும் செல்லுக்குப் பயனில்லை. இன்னொரு கொடுமை, காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துவிடும். வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் அந்த நேரத்தில்தான் பெரும் ஆபத்தில் இருக்கிறார். மேலே அமைதியாகக் கிடக்கும் சேற்றில் கால் பட்டுக் கலங்கினால், உள்ளே கரைந்திருந்த வாயு ஒரே மூச்சில் வெளியேறும்.

ஆகவே, வீட்டில் தோல் ஷாப்புக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ வேலைக்குப் போகும் அண்ணனோ தம்பியோ அப்பாவோ இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லுங்கள். மீட்டரால் வாயுவை அளந்து பார்க்காத தொட்டிக்குள் தலையை நீட்டக்கூடாது. ஆள் இறங்காமல் இயந்திரத்தால் செய்யக்கூடிய வேலையென்றால் இயந்திரத்தைக் கேட்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், எவ்வளவு நெருங்கிய கூட்டாளியானாலும் மூச்சுக்கருவி இல்லாமல் பின்னாலேயே இறங்கவே கூடாது. ஒரே தொட்டியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று பறிகொடுப்பது அப்படித்தான். உடனே கூப்பிட வேண்டிய எண்கள்: தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

அன்புடன்,
ஆசிரியர்