தஞ்சாவூர்க்காரனுக்கு மலை எதற்கு?

சென்ற மாதம் எங்கள் தஞ்சை இலக்கியக் கூட்டத்தில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்தவர். இமாசலப் பிரதேசத்தில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘எம்.டி.பி. ஹிமாலயா’ என்னும் மலைச் சைக்கிள் பந்தயத்தில் ஒருமுறை கலந்துகொண்டதைப் பற்றி எழுதியிருந்தார். பல நாட்கள், பல கட்டங்களாக, பெரும்பாலும் தார் காணாத மலைப்பாதைகளில் நடக்கும் பந்தயம் அது. கட்டுரை பன்னிரண்டு பக்கம். ஆறாவது பக்கத்தில், தலைமை வகித்த பெரியவர் கையை உயர்த்தினார்.

“தம்பி, இதெல்லாம் வசதி உள்ளவன் செய்யிற வேலை. தஞ்சாவூர்க்காரனுக்கு மலை எதற்கு? இலக்கியக் கூட்டத்துல இலக்கியம் பேசுவோமே.”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மாணவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளியே தேநீர்க் கடையில் என்னிடம், “பரவாயில்ல சார், ஏதோ தோணுச்சு, எழுதினேன். இனிமே எழுதல” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை உறுத்தியது. அன்றிரவு அந்தப் பன்னிரண்டு பக்கங்களையும் வாங்கிச்சென்று முழுவதுமாக வாசித்தேன். என் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதுகிறேன்.

பெரியவரின் வாக்கியத்தில் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. இது வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்பது ஒன்று. டெல்டாக்காரனுக்கு மலையோடு உறவில்லை என்பது இரண்டு. விளையாட்டு இலக்கியமாகாது என்பது மூன்று. மூன்றும் அவருடைய கருத்துகள் மட்டுமல்ல. நம் இலக்கியச் சூழலில் பலரும் ஆராயாமல் சுமந்து திரிபவை. ஆகவே அவர் மீது தனிப்பட்ட மனத்தாங்கல் எதுவும் இல்லாமலேயே இதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

* * *

முதலில் வசதி. இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. மலைப் பந்தயத்துக்கான நல்ல சைக்கிள் ஒன்றின் விலையில் எங்கள் பக்கத்துச் சிறு விவசாயி ஒரு போக சாகுபடியையே முடித்துவிடுவார். நுழைவுக் கட்டணம், ரயில், தங்குமிடம் எல்லாம் தனி. என் மாணவர் ஓட்டியது நண்பரிடம் இரவல் வாங்கிய சைக்கிள். ஆனால் இந்தப் பந்தயத்தில் ஓட்டியவர்களில் நேபாளத்திலிருந்து வந்தவர்களும் இந்திய ராணுவச் சிப்பாய்களும் உண்டு. மலையில் பிறந்ததும் மலையில் வேலை பார்த்ததுமே அவர்களுடைய வசதி.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்றொரு சுரங்க ஊர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரம். 1982இல் அருகிலிருந்த க்ளைமாக்ஸ் மாலிப்டினச் சுரங்கம் மூடப்பட்டபோது ஊரே வேலையிழந்தது. அச்சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் முன்னின்று மறு ஆண்டே நூறு மைல் ஓட்டப் பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். வெளியூர்க்காரர்கள் வந்து ஓரிரவு தங்கினால் ஊருக்கு நாலு காசு கிடைக்குமே என்பதுதான் கணக்கு. 1994இல் அதே மலைகளில் நூறு மைல் சைக்கிள் பந்தயமும் சேர்ந்துகொண்டது. ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு பழைய சுரங்கம் வரை ஏறித் திரும்பவேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பவர்களுக்குப் பரிசு, ஒரு பெல்ட் பக்கிள். இன்று அங்கே பணக்காரர்களும் குவிகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் வேலையிழந்த ஊரொன்றின் பிழைப்புத் தந்திரமாகவே அப்பந்தயங்கள் பிறந்தன.

இதே குற்றச்சாட்டின் வலுவான வடிவம் ஒன்றும் உண்டு. கூட்டம் முடிந்தபின் நண்பர் ஒருவர் சொன்னார்: “நம்ம ஊர் நடவுப் பெண்கள் காலையிலேர்ந்து குனிஞ்சே நிக்கிறாங்க. அவங்களுக்கு யார் பதக்கம் கொடுத்தா? இவன் காசு கொடுத்து வலியை வாங்கிட்டு வந்து நமக்குக் கதை சொல்றான்.” நியாயமான கேள்வி. ஆனால் கேட்பவர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். நடவுப் பெண்ணின் இடுப்பைப் பற்றி வாழ்நாளில் ஒரு பக்கம் எழுதாதவர்கள், சைக்கிள்காரனை மட்டம் தட்டுவதற்கு மட்டும் அவளைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சி சொல்லி முடித்ததும் அவளை மறுபடி சேற்றுக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

சைக்கிளை வசதியின் சின்னம் என்று கீழத்தஞ்சையில் நின்றுகொண்டு சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். நெல் மூட்டை, வாழைத்தார், பால் கேன், மீன் கூடை எல்லாம் கேரியரில் ஏறிய ஊர் இது. பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை நேரில் கண்டு ஆங்கிலத்தில் எழுதினார். நான் கலந்துகொண்ட தமிழ் இலக்கியக் கூட்டங்களில் அதைப் பற்றி ஒரு முறைகூட யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒருவேளை அதுவும் விளையாட்டு என்று விட்டுவிட்டோமோ என்னவோ.

* * *

இரண்டாவது, டெல்டாக்காரனுக்கு மலையோடு என்ன உறவு என்பது. எங்களுக்குத் தெரிந்த உயரம் பெரிய கோயில் விமானத்தின் 216 அடி. எங்களுக்குத் தெரிந்த ஏற்றம் ஆற்றுப்பாலத்தின் ஏற்றம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு எங்கிருந்து வருகிறது? குடகில் சுமார் 1,276 மீட்டர் உயரத்தில் தலைக்காவேரியில் பிறந்து, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி, மலையின் மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து நம் காலடியில் பரப்பியிருக்கிறது. நாம் வண்டல் என்று பெருமையோடு அள்ளிக் காட்டுவது இடம் மாறி வந்த மலையைத்தான்.

இதைப் பெரியவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யை எங்கள் கூட்டத்தில் அவர் அளவுக்குப் புகழ்ந்தவர் கிடையாது. 1971இல் வெளிவந்த அந்த நூல் என்ன செய்தது? தஞ்சாவூர்க்காரர் ஒருவர் ஆற்றின் போக்கைத் தேடி மலைக்குப் போனார். ஜானகிராமனிடம், உமக்கு மலை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர் காரில் போனதால் அது இலக்கியப் பயணம். இவர் சைக்கிளில் போனதால் வெட்டி வேலை என்றால், நம்முடைய அளவுகோல் இலக்கியத்தை அளக்கவில்லை, வாகனத்தை அளக்கிறது என்றுதான் பொருள்.

என் மாணவர் மலைக்குத் தயாரான விதமும் டெல்டாவுக்கே உரியது. இங்கே மேடு இல்லை, காற்று உண்டு. ஆடி மாதம் புது ஆற்றங்கரையில் மேற்கு நோக்கி, எதிர்க்காற்றில், மணிக்கணக்காக மிதித்திருக்கிறார். எதிர்க்காற்றுக்கும் ஏற்றத்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது என்கிறது கட்டுரை: ஏற்றம் முடியும் இடத்தைக் கண்ணால் பார்க்கலாம், காற்றின் முடிவைப் பார்க்க முடியாது. பிறகு கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சங்கப் புலவர்கள் பாடிய வல்வில் ஓரியின் மலையை இருபதாண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். அதன் நாற்பதாவது வளைவில் தொடை எப்படி நடுங்கும் என்று எனக்கு என் மாணவர் எழுதித்தான் தெரியவந்தது.

* * *

மூன்றாவது குற்றச்சாட்டே முக்கியமானது. விளையாட்டு இலக்கியமாகாது.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ என்ன? திமில், கொம்பு, பிடி, கால் ஊன்றும் இடம் என்று ஒரு விளையாட்டின் நுட்பத்தை விட்டு நகராமல் எழுதப்பட்ட குறுநாவல். அந்த நுட்பத்துக்குள்தான் ஜமீனும் மானமும் பழியும் இருக்கின்றன. நுட்பத்தை நீக்கிவிட்டால் அதில் எதுவும் மிஞ்சாது. வெளியே பார்த்தால், ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தம் நூலில் பிரான்ஸைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தை ஒரு காவியமாகவே வைத்து வாசித்தார். டச்சு எழுத்தாளர் டிம் கிராபே 1978இல் ஒரே ஒரு நாள் சைக்கிள் பந்தயத்தை மட்டும் வைத்து ஒரு நாவல் எழுதினார். பார்த்தை மேற்கோள் காட்டாமல் ஒரு கருத்தரங்கக் கட்டுரையை முடிக்க இயலாத நாம், பார்த் சைக்கிளைப் பற்றி எழுதினார் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

மலைப் பந்தயத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்படுவதில் பெரும்பகுதி குப்பை என்பதையும் சொல்லவேண்டும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம். முடிவில் முயன்றால் முடியாதது இல்லை என்றொரு உபதேசம். எண்கள்கூடச் சரியாக இருப்பதில்லை. லடாக்கின் கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்று ஒரு பலகை நெடுங்காலம் அறிவித்துக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தால் அதன் உயரம் 5,359 மீட்டர். பலகையில் ஏறத்தாழ 800 அடி அதிகம். அப்பலகையின் கீழ் நின்று எடுத்த படத்தோடு முடியும் பயணக்கட்டுரைகளைப் பெரியவர் நிராகரித்திருந்தால் நானும் அவரோடு சேர்ந்திருப்பேன்.

ஆனால் இந்தக் கட்டுரை அப்படிப்பட்டதல்ல. உயரத்தில் காற்றில் பிராணவாயு குறைவு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது தவறு என்று தொடங்குகிறார். பிராணவாயுவின் பங்கு கீழேயும் மேலேயும் சுமார் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். 3,000 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடு. உடல் இதற்கு ஈடுகொடுத்துச் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்ள வாரங்கள் ஆகும். விடுப்பு எடுத்து வந்த தஞ்சாவூர்க்காரனிடம் வாரங்கள் இல்லை. இரவில் கூடாரத்தில் உறங்கும்போது தன் மூச்சு நின்று நின்று வருவதை உணர்ந்து விழித்துக்கொள்கிறார். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த விரல்கள் குளிரில் மரத்துப்போய், பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. எந்த இடத்திலும் தன்னை வீரன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் அவர் பந்தயத்தை முடிக்கவே இல்லை.

ஒன்பதாவது பக்கத்துக்கு வருகிறேன். பெரியவர் நிறுத்தியதால் கூட்டம் கேளாமல் போன பக்கம் அது. சுமார் 3,120 மீட்டர் உயரத்தில் உள்ள ஜலோரி கணவாய்க்கு ஏறும் பாதை மிகச் செங்குத்தானது. தேவதாரு மரங்களுக்கு நடுவே, ஆகச் சிறிய கியரிலும் பெடல் நகராத ஓரிடத்தில் அவர் இறங்கிவிடுகிறார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். அப்போது தந்தையின் நினைவு வருகிறது. அவருடைய தந்தை விவசாயக் கூலி. சொந்தமாக ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். குடியானத் தெருவின் முனை வந்ததும் இறங்கி, தெரு முடியும்வரை தள்ளிக்கொண்டு போய், மறுமுனையில் ஏறிக்கொள்வார். சிறுவனாகப் பின்னால் உட்கார்ந்திருந்த இவரும் இறங்கி நடக்கவேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, “செயின் லூசா இருக்குடா” என்பாராம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் செயின் லூசாகும்.

மலையில் இவரை இறக்கியது மூச்சு. அங்கே தந்தையை இறக்கியது எது என்று கட்டுரை விளக்கவில்லை. இரண்டு இறங்கல்களையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டதைப் பற்றி எழுதிக்கொண்டு போய்விடுகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலித்துகள் சாதித் தெருக்களில் சைக்கிளை விட்டு இறங்கவேண்டியிருந்தது பதிவாகியுள்ள உண்மை. அதை நாம் கட்டுரைகளில் படித்திருக்கிறோம், கண்டித்துத் தீர்மானம் போட்டிருக்கிறோம். ஆனால் சீட்டை விட்டு இறங்கும்போது கால் என்ன உணர்கிறது என்று எழுத, உடலை இம்மி இம்மியாகக் கவனித்துப் பழகிய ஒருவர் வேண்டியிருந்தது. அந்தப் பழக்கத்தை அவருக்குக் கொடுத்தது இந்த வெட்டி வேலைதான்.

இதுவே என் வாதம். மலைப் பந்தயம் உயர்ந்தது என்றோ எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இமயத்துக்குப் போகவேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. தன் உடலைத் துல்லியமாகக் கவனிக்கும் பயிற்சி நம் எழுத்தில் குறைந்துவிட்டது. வலி என்றால் ‘சொல்லொணா வலி’, களைப்பு என்றால் ‘தாங்கொணாக் களைப்பு’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறோம். சொல்லொணாதது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் பிறகு எழுதவேண்டிய வேலை இல்லை. பந்தயக்காரனுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தத் தசை, எந்த வளைவு, எத்தனையாவது நிமிடம் என்று அவனுக்குத் தெரிந்தாகவேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவான். அந்தக் கண்ணோடு ஒருவர் நம் நடவு வயலைப் பார்த்தால், நண்பர் கேட்ட அந்த நடவுப் பெண்ணின் இடுப்பும் ஒருநாள் எழுதப்படலாம்.

யாரை உடலோடு பேச விடுகிறோம், யாரை ஆறாவது பக்கத்தில் நிறுத்துகிறோம் என்பதும் இலக்கிய விமர்சனத்தின் கேள்விதான். பெரியவர் அந்த மாணவரின் தந்தையை அறிந்திருக்க நியாயமில்லை. ஒன்பதாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. தெரியாமல்தான் நிறுத்தினார். ஆனால் தெரியாமல் நிறுத்துவது இந்த ஊரில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு பழக்கம். அன்று கூட்டத்தில் அந்த மாணவர் மறுபடியும் ஒருமுறை இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். ‘ஏதோ தோணுச்சு, எழுதினேன்’ என்பது அவருடைய செயின் லூசு.

அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை அந்தக் கட்டுரைக்கு ஒதுக்கும்படி அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன். ஏழாவது பக்கத்திலிருந்து. பெரியவரையும் நானே நேரில் போய் அழைக்கப்போகிறேன். மாணவர் வருவதாக இன்னும் சொல்லவில்லை.