மாட்டுப் பண்ணை ஆசையா? முதலில் சட்டத்தைப் பாருங்கள்!

வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் இளைஞர்கள் பலரிடம் ஒரு புதிய ஆசை தலைதூக்கியிருக்கிறது. "ஊரில் இரண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. பத்துக் கன்றுகளை வாங்கி விடுவோம். இரண்டு வருடம் தீனி போட்டுக் கறிக்கு விற்றால் நல்ல லாபம்" என்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தானே நடக்கிறது என்று உதாரணமும் காட்டுகிறார்கள்.

ஆசையில் தவறில்லை. காலமெல்லாம் அடுத்தவர் வளர்த்ததை வாங்கி விற்கும் சமுதாயம், தானே வளர்க்க முன்வருவது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அமெரிக்கக் கணக்கு தமிழகத்தில் செல்லாது. ஏன்?

1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காளை, எருது, பசு, கன்று மட்டுமல்ல, எருமையும் எருமைக் கன்றும் கூட அதன் வரம்புக்குள் வருகின்றன. பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் பயன்படாத மாட்டுக்கு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்த மாட்டுக்கு மட்டுமே அறுப்புச் சான்று கிடைக்கும். போதாததற்கு, 1976 ஆகஸ்ட் 30-ல் வந்த அரசாணை அறுப்புக்கூடங்களில் பசுவையும் கிடாரியையும் அறுக்கத் தடை விதித்தது.

அப்படியானால் இரண்டு வயதுக் கொழுத்த கன்றுக்குச் சான்று எங்கே கிடைக்கும்? பத்து வருடம் தீனி போட்டு லாபம் பார்த்தவர் யார்? "எல்லாம் நடக்கத்தானே செய்கிறது" என்று தரகர் சொல்வார். நடுரோட்டில் வண்டி மடக்கப்படும்போது அந்தத் தரகர் அங்கே இருக்க மாட்டார். வழக்கும் உங்களுக்கு, நட்டமும் உங்களுக்கு!

இந்தச் சட்டம் நியாயமானதா? எருமைக் கிடாக் கன்றை எடுத்துக்கொள்வோம். டிராக்டர் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. பாலை விற்கும் விவசாயி அதற்குத் தாய்ப்பால் விடவும் தயங்குகிறார். பல கன்றுகள் சில மாதங்களிலேயே பசியால் சாகின்றன. சட்டம் காப்பாற்றியது எதை? இதே நாட்டிலிருந்துதான் எருமை இறைச்சி கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகி அன்னியச் செலாவணியை ஈட்டித் தருகிறது. ஏற்றுமதிக்கு இனிக்கும் எருமை, ஏழை விவசாயியின் கொட்டிலில் மட்டும் கசக்கிறதா? எருமைக் கிடாக் கன்றுகளை இறைச்சிக்காக வளர்க்கவும், உரிய வயதில் சான்று பெறவும் மாநில அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். இது முஸ்லிம்களின் கோரிக்கை மட்டுமல்ல. பால் மாடு வளர்க்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் இதில் பங்குண்டு.

சட்டம் திருந்தும் வரை கைகட்டி நிற்பதா? வேண்டாம். அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் வராத ஆடு இருக்கிறதே!

தென்மாவட்டங்களுக்குக் கன்னி ஆடும் கொடி ஆடும், மேற்கே சேலம் கருப்பும் மேச்சேரி செம்மறியும் நம் மண்ணுக்குப் பழகிய இனங்கள். வெளிமாநில இனம் என்று அதிக விலை கொடுத்து ஏமாறாதீர்கள். முதலில் ஆடு வாங்காதீர்கள், தீவனம் போடுங்கள். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வேலிமசால், அகத்தி, சவுண்டல் இவை வளர்ந்து வெட்டுக்கு வந்த பிறகே ஆடு வர வேண்டும். ஒரு பெரிய ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். இருபது ஆட்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தீவனத்தை விலைக்கு வாங்கி வளர்ப்பவர், லாபத்தை ஆட்டுக்கே ஊட்டிவிடுகிறார்.

அடுத்து, நோய். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. மழைக்காலத்திற்கு முன் குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டை நேரே மந்தையில் விடாமல் மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையங்கள் பயிற்சி தருகின்றன. போய்க் கேட்பதில் என்ன வெட்கம்?

2021-ல் மாற்றியமைக்கப்பட்ட தேசிய கால்நடை இயக்கத்தில், 100 பெட்டையும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்கு முதலீட்டில் பாதி, 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. வங்கிக் கடன் இல்லாமல் சொந்தப் பணத்தில் தொடங்குவோருக்கும் அதில் வழி வைக்கப்பட்டது. வட்டிக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் மானியத்துக்காகப் பண்ணை வைக்காதீர்கள். பத்து ஆட்டில் கற்றுக்கொண்டு நூறுக்குப் போங்கள்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளில் மாடுகளை அறுப்புக்கு விற்கத் தடை விதித்தபோது என்ன நடந்தது? ஒரே உத்தரவில் தொழில் ஆடிப்போனது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை ஆணை தந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. பிறகுதான் மூச்சு வந்தது. சந்தையை மட்டுமே நம்பி நிற்பவரின் நிலை இதுதான்.

மேலப்பாளையத்திலும் எட்டயபுரத்திலும் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய காலம் போகட்டும். தராசில் நிறுத்து, உயிர் எடைக்கு விலை பேசுங்கள். முப்பது கிலோ ஆட்டில் ஏறத்தாழ பாதியளவே கறியாகத் தேறும் என்பது கறிக்கடைக்காரருக்குத் தெரியும். வளர்ப்பவருக்கும் அது தெரிய வேண்டும். வியாபாரியிடம் பணமும் சந்தை அறிவும் இருக்கிறது. இளைஞரிடம் நிலமும் உழைப்பும் இருக்கிறது. லாபத்தையும் நட்டத்தையும் எழுதி வைத்துக் கூட்டுச் சேருங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வயது நிறைந்த, ஊனமில்லாத ஆட்டைத் தேடி நம் மக்கள் ஆண்டுதோறும் சந்தை சந்தையாக அலைகிறார்கள். அந்தத் தேவையை நம் இளைஞர்களே நிறைவேற்றினால் என்ன?

ஒரு கையில் சட்டத் திருத்தக் கோரிக்கை, மறு கையில் தீவன விதை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இளைஞர்களே இன்று சமுதாயத்துக்குத் தேவை. சிந்திப்பீர்! செயல்படுவீர்!