வாசலில் கிடக்கும் நாய் யாருடையது?

நாய்க்கடியோடு மருத்துவமனைக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “கடித்தது யாருடைய நாய்?” என்பது. பலரால் அதற்குத் தெளிவான விடை கூற முடிவதில்லை. வாலாஜாபாத்திலும் ஒரகடம் செல்லும் சாலையோரக் குடியிருப்புகளிலும், ஒரு வீட்டில் உண்டு, மறு வீட்டு வாசலில் உறங்கி, தெருவெங்கும் திரியும் நாய்கள் உண்டு. சோறிடும்போது அது நம் நாய், கடித்துவிட்டாலோ தெருநாய். இந்நிலை மாற வேண்டும் என்றால், வளர்ப்பு நாய்களை உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்யும் வழக்கம் நம் பகுதியிலும் வேரூன்ற வேண்டும்.

பெருநகர சென்னை மாநகராட்சி இதில் முன்னே செல்கிறது. அங்கு வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இன்றி உரிமம் கிடைக்காது. 2025ஆம் ஆண்டில் நாயின் உடலில் மைக்ரோசிப் பொருத்தும் பணியும் தொடங்கியது. உரிமம் பெறாதோருக்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவிக்கப்பட்டது.

“தெருநாய்களை விட்டுவிட்டு வீட்டு நாய்க்கு எதற்குப் பதிவு?” என்று சிலர் வினவுவர். தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செலுத்துவது உள்ளாட்சியின் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் நாம் வளர்க்கும் நாய்க்கு நாமே பொறுப்பு. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த நாய் யாருடையது என்று தெரிந்தால், அதனை 10 நாள்கள் கண்காணிக்க இயலும். அந்நாள்களில் அது நலமாக இருந்தால், எஞ்சிய ஊசிகள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய அது துணை புரியும். அதன் தடுப்பூசி விவரமும் உடனே கைக்குக் கிட்டும். பதிவேட்டில் உள்ள ஒரு பெயரும் முகவரியும் ஒரு குடும்பத்தின் அச்சத்தைத் தணிக்கக்கூடும்.

எனினும் பதிவுச் சான்று சிகிச்சைக்கு மாற்றன்று. வளர்ப்பு நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் தடவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்; குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்ளுங்கள். ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் கீறலை மறைப்பதுண்டு, அன்போடு கேட்டறியுங்கள்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். அபராதத்தை முன்னிறுத்தினால் ஏழை எளியோர் நாயைத் தெருவில் விட்டுவிடக்கூடும். ஆலைகளில் முறைப்பணி செய்வோர் பகலில் அலுவலகம் ஏறி இறங்க இயலாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் கால்நடை மருத்துவரோடு இணைந்து முகாம் நடத்தி, தடுப்பூசியையும் பதிவையும் ஒரே இடத்தில் முடித்துத் தரலாம். 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர் வெறிநாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி செலுத்தத் தொடங்கியதன் நினைவாக, ஆண்டுதோறும் அந்நாள் விலங்குவழி நோய்கள் குறித்த விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அத்தகைய முகாமைத் தொடங்க அதனினும் பொருத்தமான நாள் வேறில்லை.

அதுவரை காத்திராமல், உங்கள் நாய்க்கு இறுதியாகத் தடுப்பூசி போட்ட நாளை இன்றே தேடிப் பாருங்கள். ஓராண்டு கடந்திருந்தால், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு அதனை அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். பதிவுக்கு முதலில் வேண்டுவது அதுவே.