காயலான் கடைக்காரர் வாங்காத குப்பை

கள்ளக்குறிச்சித் தெருக்களில் பழைய இரும்பு, பேப்பர் வாங்க வருபவரிடம் வீட்டுக் குப்பையில் பாதி விலைபோய்விடும். எண்ணெய் கேன், உடைந்த குடம், அட்டைப்பெட்டி எல்லாவற்றுக்கும் அவர் தராசில் இடம் உண்டு. குளியலறையில் இருந்து எடுத்துவந்து நீட்டினால்தான் முகம் மாறும். ஷாம்பு பாட்டிலா, சரி. ஷாம்பு பாக்கெட், பற்பசை டியூப், தேய்ந்த பிரஷ், ரேசர்? ‘வேணாம்மா’ என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். எடை போட்டால் வாரத்துக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறாது. ஆனால் கடைசியில் வீட்டில் தங்கிவிடுவது அந்தக் கைப்பிடிதான்.

ஷாம்பு பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். பார்க்க ஒரே தாள் போல இருக்கும். உண்மையில் அது வெவ்வேறு பிளாஸ்டிக்குகளும், சிலவற்றில் அலுமினியமும் சேர்த்து ஒட்டிய அடுக்கு. பிரித்தெடுப்பது கஷ்டம், பிரிக்காமல் உருக்கினால் உருப்படியாக எதுவும் கிடைக்காது. முறையாகச் சேகரித்தாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாவதுதான் பெரும்பாலும் அதன் முடிவு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகை பிளாஸ்டிக் பொருட்களிலும் இது சேரவில்லை. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு வாரம் இரண்டு தலைக்குளியல் என்றால், ஆண்டுக்கு 416 பாக்கெட்!

இந்தப் பாக்கெட் ஒன்றும் எங்கிருந்தோ வந்ததல்ல. பக்கத்து ஊரான கடலூரின் சின்னி கிருஷ்ணன்தான் இந்தியாவில் இதற்கு முன்னோடி என்பார்கள். 1993 வரை கடலூரும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். பணக்காரர்கள் பயன்படுத்துவதைக் கூலித்தொழிலாளியும் வாங்க முடிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்புக்கு ஒரு விற்பனைத் திட்டம் இருந்தது. எந்த கம்பெனி பாக்கெட் ஆனாலும் ஐந்து காலி பாக்கெட்டைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு, சிக் பாக்கெட்டைக் கொடுத்தால் மட்டும் என்று மாற்றினார்கள். அது விளம்பர உத்திதான், சுற்றுச்சூழல் அக்கறை அல்ல. ஆனாலும் காலி பாக்கெட்டுக்கு ஒரு மதிப்பு வைத்தால் அது தெருவில் கிடக்காமல் கடைக்குத் திரும்பும் என்பதை அன்றைக்கே காட்டிவிட்டது.

அதே பழைய மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் கல்வராயன் மலை. பாக்கெட் வருவதற்கு முன்பு தலைக்குத் தேய்த்தது மலையும் காடும் தந்த பொருட்கள்தான்: சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை மர இலையைக் காயவைத்துப் பொடித்த அரப்பு. இன்றோ மலைக்கிராமத்துப் பெட்டிக்கடை வாசலிலும் ஷாம்பு சரம் தொங்குகிறது. மேகம் அருவியிலும் பெரியார் அருவியிலும் குளிக்கப்போகிறவர்கள் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து அங்கேயே போட்டுவிடுகிறார்கள். மலையில் பெய்யும் மழை ஓடைகளாகி கோமுகி அணைக்குத்தான் இறங்குகிறது. கூடவே எது இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றாலத்தில் அருவியில் சோப்பு, ஷாம்பு போடக்கூடாது என்று உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டிவந்தது.

சீயக்காய்க்குத் திரும்பாதவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் விலை அல்ல, நேரம். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்குப் பொடியைக் குழைத்து, தேய்த்து, தலையில் ஒட்டிய திப்பியை அலசுவது பெரிய வேலைதான். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் மாறினாலே 416-ல் பாதி குறையும். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் சேர்த்து, மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, மில்லில் சீயக்காய்க்கென இருக்கும் தனி மெஷினில் அரைத்தால் ஆளுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வீதம் அறுபது குளியலுக்குக் குறையாமல் வரும். அரைத்த சூட்டோடு டப்பாவை மூடக்கூடாது. பொடியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தண்ணீரை மட்டும் தேய்த்தால் தலையில் திப்பி ஒட்டாது, ஜல்லடையும் அடைக்காது. திப்பி செடிக்கு உரம். கண்ணில் பட்டால் எரியும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பல் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். கல்வராயன் கடுக்காய்க்குப் பெயர்போன மலைதான். கடுக்காய்ப் பல்பொடியும் நம் வழக்கம்தான். ஆனால் பல் சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு பற்பசை வேண்டும் என்கிறார்கள் பல் மருத்துவர்கள். பேஸ்ட் இருக்கட்டும், அளவு குறையட்டும். ஆறு வயதுக் குழந்தைக்குப் பட்டாணி அளவே போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் பிதுக்குவது டியூப் சீக்கிரம் தீர்வதற்கு. கை கழுவும் திரவத்துக்கு ‘ரீஃபில்’ வாங்குகிறவர்கள் கவனிக்க: அந்தப் பையும் ஷாம்பு பாக்கெட்டின் பெரியண்ணன்தான். பாட்டுக்கு ஒரு சோப்புக்கட்டியை வைத்துவிடலாம். தேய்க்க பீர்க்கங்காய் நார்.

இவை எல்லாம் சுலபம். வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத நாப்கின்தான் கடினம். மாதம் 15 என்று வைத்தாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 180. துணி நாப்கினுக்கு மாறச் சொல்வது எளிது. துவைக்கத் தண்ணீரும், அதை மறைக்காமல் வெயிலில் உலர்த்த ஓர் இடமும் இல்லாத வீட்டில் அது நடக்காது. ஈரத்தோடு கட்டினால் தொற்றுதான் வரும். பல ஆண்டுகள் உழைக்கும் சிலிகான் மென்சுரல் கப் இன்னொரு வழி. கேரளத்தின் கும்பளங்கி ஊராட்சி பெண்களுக்குப் பயிற்சி தந்து, கப்பும் கொடுத்து, 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. பொருளைக் கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து பேசினார்கள் என்பதைத்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நாப்கினே தொடர்கிறவர்கள் அதைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்கலாம். பிரித்துப்பார்க்கும் தூய்மைப் பணியாளரின் கை வெறுங்கையாகவும் இருக்கக்கூடும்.

குப்பை வண்டி வராத ஊர்களில் இது அத்தனையும் போகும் இடம் வெந்நீர் அடுப்பு. பாக்கெட், கவர், டயாப்பர் என எல்லாம் ‘சட்டுனு பத்திக்கும்’ என்று உள்ளே தள்ளப்படுகிறது. அந்தப் புகை போவது, பக்கத்திலேயே துண்டோடு குளிக்கக் காத்து நிற்கும் குழந்தையின் மூக்குக்குள். கள்ளக்குறிச்சிப் பக்கம் அறுவடை முடிந்தால் மக்காச்சோளச் சக்கை மூட்டை மூட்டையாகக் கிடக்கும். பற்றவைக்க அதில் நான்கு போதும். காலி பாக்கெட்டுகளை ஆணியில் மாட்டிய ஒரு பையில் சேர்த்துவைத்து, டவுனுக்குப் போகும் நாளில் குப்பை வண்டியில் போட்டுவிடலாம்.