நெயில் பாலிஷும் பிரியாணி அண்டாவும்

நெயில் பாலிஷ் ஒரு வாரம் உரியாம இருக்க டிப்ஸ் எழுதற புண்ணியவான்களுக்கு ஒரு கேள்வி. "தண்ணீரில் அதிகம் கை வைக்காதீர்கள்"னு எழுதறீங்களே, அதை எழுதிட்டு இருந்தப்ப உங்க வீட்டு பாத்திரத்தை யாருங்க கழுவினது?

நான் இருக்கறது திண்டுக்கல். ஞாயித்துக்கிழமைன்னா சீரக சம்பா பிரியாணி. அப்புறம் அடிபிடிச்ச அண்டா, அதுல உறைஞ்ச ஆட்டுக்கொழுப்பு. எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, சோப்பு சரியா நுரைக்காது. கம்பி நாரை வச்சு தேய் தேய்னு தேய்க்கணும். சனிக்கிழமை ராத்திரி ஆசையா போட்ட மெரூன் கலர் திங்கக்கிழமை காலைல முனை முனையா போயிருக்கும். எங்க ஊரு பூட்டையே போட்டாலும் நிக்காது :)

விஷயம் ரொம்ப சிம்பிள். நகம் தண்ணியக் குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும். மேல இறுகிப்போன பாலிஷால அதோட சேர்ந்து ஊதிச் சுருங்க முடியாது, ஓரத்துல பிடி விட்டுடும். அப்படி இருக்க, பாலிஷ் போடறதுக்கு முன்னாடி கையை வெதுவெதுப்பான தண்ணில ஊற வைங்கன்னு சொல்றீங்களே, எதுக்கு? போட்டதும் ஐஸ் தண்ணில முக்குங்கறது அதைவிடக் கூத்து. மேலாக்க இறுகின மாதிரி தெரியும், அவ்வளவுதான். உள்ள இருக்கற கரைப்பான் ஆவியாகித்தான் காயணும். குளுந்தா அது இன்னும் மெதுவாத்தான் ஆகும்.

நான் செய்யறது இதுதான். ராத்திரி கடைசி பாத்திரமும் கழுவி, கை நல்லா காஞ்சப்புறம், ரிமூவரால நகத்து எண்ணெயைத் துடைச்சிட்டு, மெல்லிசா ரெண்டு கோட். நுனி விளிம்புலயும் பிரஷ்ஷை ஒரு இழு. ரெண்டு நாளைக்கு ஒருதரம் டாப் கோட். நாலஞ்சு நாள் தாங்குது.

எங்க அப்பத்தா காலத்து மருதாணிக்கு இந்தத் தொல்லையே இல்ல. சாயம் நகத்தோட புரதத்துலயே போய் ஒட்டிக்கும். எத்தனை அண்டா தேய்ச்சாலும் நகம் வளர்ந்து வெட்டி எறியற வரைக்கும் இருக்கும், நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் வளருது. ஆனா பாருங்க, கலரைத்தான் கெட்டியாக்கிக்கிட்டாங்களே ஒழிய, அண்டாவை வேற யாரும் தொடலை.

கிளவுஸ் போட்டுக்கோன்னு சொல்வீங்க. போட்டேன். "மகாராணி கையில உறை மாட்டிக்கிட்டுத்தான் பாத்திரம் தொடுவா"ன்னு பேச்சு. பாலிஷ் உரிஞ்சா "இப்படி அசிங்கமா வச்சிருக்கியே". உரியலைன்னா "வீட்டுல வேலையே செய்யறதில்ல போல". எப்படித்தான்யா இருக்கணும் இந்தப் பத்து நகமும்?

போன ஞாயித்துக்கிழமை நான் அண்டாவைத் தொடலை. ரங்கமணி ஒரு மணி நேரம் சுத்திச் சுத்தி வந்து பார்த்துட்டு, அப்புறம் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்தாரு. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மெரூன் அப்படியே இருக்கு.

டிஸ்கி: அண்டால அடியில இன்னும் கொஞ்சம் கருப்பு இருக்கு. நான் பார்க்காத மாதிரி இருக்கேன்.