தூக்கத்துக்கு ஒரு ஆப் செய்யப் போறீங்களா?

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணினார். சிறுசேரியில ஐடி வேலை. ரெண்டு நண்பர்களோட சேர்ந்து தமிழ்ல ஒரு தூக்க ஆப் பண்ணப் போறாங்களாம். "டாக்டர், ஒரு அரை மணி நேரம் பேசணும்"னார். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துல ஒரு டீக்கடையில உட்கார்ந்தோம். அரை மணி மூணு மணி ஆச்சு. அவர்கிட்ட சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். நீளமான இழை. படுத்துக்கிட்டே படிக்கிறீங்கன்னா இப்பவே போனை வெச்சிட்டு காலைல வாங்க, இழை எங்கயும் ஓடிடாது.

முதல்லயே சொல்லிடறேன், நான் தூக்க நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடிச்சிட்டு செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில ஓபி பார்க்கிறவன். "தூக்கமே வரல சார்" என்பதை வாரத்துக்குப் பத்துப் பதினைந்து தடவையாவது கேட்கிறவன். அந்தத் தகுதியில பேசுறேன்.

டெமோ நல்லா இருந்தது. கடல் அலைச் சத்தம், புல்லாங்குழல், மெதுவா பேசுற ஒரு பெண் குரல். காலைல எழுந்தா நூத்துக்கு உங்க தூக்கம் எவ்வளவுன்னு மார்க். நான் கேட்டேன்: "தம்பி, இந்த அலைச் சத்தத்தை நிஜமாவே கேட்டுக்கிட்டு கொக்கிலமேட்டுலயும் தேவனேரியிலயும் படுத்திருக்கிறவங்க ஏன் தூங்க மாட்டேங்கிறாங்க?" சிரிச்சார். நான் ஜோக்குக்குக் கேட்கல.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மீனவர் வந்தார். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். தூக்கம் இல்ல, தலைவலி, பிரஷர் ஏறியிருக்கு. காலேஜ்ல படிச்சதை அப்படியே ஒப்பிச்சேன். "அண்ணே, தினமும் ராத்திரி பத்து மணிக்குப் படுங்க, ஆறு மணிக்கு எழுந்திரிங்க, ஒரே நேரமா இருக்கணும்." அவர் கோபப்படவே இல்ல. "ரெண்டரை மணிக்கு போட்டைத் தள்ளணும் டாக்டர். பத்து மணிக்குப் படுத்து என்ன பண்றது?" நான் அவர் என்ன வேலை பார்க்கிறார்னே கேட்டிருக்கலை. ஓபி சீட்டுல தொழில்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல 'கூலி'ன்னு எழுதியிருந்தது.

நீடித்த தூக்கமின்மைக்கு மருத்துவத்துல ஒரு வரையறை இருக்கு. வாரத்துல மூணு ராத்திரியாவது, மூணு மாசமாவது, தூக்கம் வராம இருக்கணும், அதனால பகல்ல பாதிப்பு இருக்கணும். கூடவே ஒரு நிபந்தனை: *தூங்குவதற்குப் போதிய வாய்ப்பு இருந்தும்* வரக்கூடாது. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் இந்த நிபந்தனையிலேயே வெளியே போயிடுறாங்க. அவங்களுக்கு இருக்கிறது தூக்கமின்மை நோய் இல்லை. தூங்க நேரம் இல்லை, அவ்வளவுதான். நான் பார்த்த தூக்க ஆப் எல்லாமே அந்த வாய்ப்பு ஏற்கெனவே உங்க கையில இருக்குன்னு நினைச்சுக்கிட்டு ஆரம்பிக்குது.

மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், மஹிந்திரா சிட்டி பக்கம் கம்பெனி பஸ் பிடிக்கிற பொண்ணுங்களைப் பாருங்க. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். உடம்புக்குள்ள இருக்கிற கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுறது. அது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தோராயமா நகரும். புது நேரத்துக்கு அது பழகி முடிக்கிறதுக்குள்ள ஷிப்ட் மாறிடும். ஷிப்டை முன்னோக்கிச் சுத்தினா, அதாவது காலை, மதியம், நைட்னு போனா, உடம்பு ஓரளவு தாங்கும். தலைகீழாச் சுத்தினா ரொம்பக் கஷ்டம். இது எந்தப் பொண்ணு போனுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஷிப்ட் போடுற மேனேஜருக்குத் தெரியணும். ஆனா ஆப் யார்கிட்ட பேசுது? நைட் முடிச்சு வந்து, சமைச்சு, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, தகர ஷீட்டு வீட்டுல பகல் பதினோரு மணிக்குப் படுக்கிறவகிட்ட, "இன்று உங்கள் தூக்கம் 38/100".

அந்த மாதிரி ஒரு அம்மா போன வருஷம் வந்தாங்க. ரெண்டு வருஷமா அல்பிரசோலம். எப்பவோ ஒருத்தர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, மடிச்சு மடிச்சு கிழிஞ்சே போயிருந்தது. அந்த மாத்திரை எச்1 அட்டவணையில இருக்கு. சீட்டு இல்லாம விற்கக் கூடாது, விற்றா தனிப் பதிவேட்டுல எழுதி 3 வருஷம் வைக்கணும். சட்டம் அது. கிழிஞ்ச சீட்டு வேற கதை சொல்லுது. (இதைப் படிக்கிற யாராவது இந்த மாத்திரையை ரொம்ப நாளாப் போட்டுக்கிட்டிருந்தா, தயவுசெய்து இந்த இழையைப் படிச்சிட்டு நாளைக்கே நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரைக்கும் போகும். டாக்டரைப் பார்த்து கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்.)

அப்போ ஆப்பே வேண்டாமா? இல்லை. இங்கதான் எனக்கு உண்மையிலேயே ஆசை இருக்கு. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, சிபிடி-ஐ என்கிற நடத்தைச் சிகிச்சைன்னு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2016-லயே சொல்லிடுச்சு. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நோயாளிக்கு ஆறேழு தடவை உட்காரணும். என் ஓபியில ஒருத்தருக்கு மூணு நிமிஷம் கிடைச்சா பெரிசு. அந்த வேலையை ஒரு போன் செய்யும்னா நான் கும்பிட்டு வரவேற்பேன். அமெரிக்க ராணுவ வீரர்களுக்காகச் செஞ்ச சிபிடி-ஐ கோச் இலவசம். பிரிட்டன்ல ஸ்லீப்பியோவை தூக்க மாத்திரைக்குப் பதிலாக் கொடுக்கலாம்னு அரசு அமைப்பான நைஸ் 2022-ல பரிந்துரை பண்ணுச்சு. அதே மாதிரி ஒண்ணு நல்ல தமிழ்ல, குரல்ல, படிக்கத் தெரியாதவங்களும் பேசிப் பதில் சொல்ற மாதிரி வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம். ரிடையர் ஆன வாத்தியார்னு வெச்சுக்கோங்க. ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணி வரைக்கும் புரள்றார். மொத்தம் 9 மணி நேரம், தூங்குறது அஞ்சரை. சிகிச்சை அவரை இன்னும் சீக்கிரம் படுக்கச் சொல்லாது. "சார், பன்னெண்டு மணிக்கு முன்னாடி கட்டில் பக்கமே போகாதீங்க, அஞ்சரைக்கு எழுந்திடுங்க"ன்னு சொல்லும். முதல் வாரம் என்னைத் திட்டுவார். ஆனா தூக்கப் பசி சேரும், படுத்ததும் தூங்குவார். படுத்திருக்கிற நேரத்துல 85 சதவீதத்துக்கு மேல தூங்க ஆரம்பிச்சதும் பதினஞ்சு பதினஞ்சு நிமிஷமா நேரத்தைக் கூட்டணும்.

இதே சிகிச்சையை ஈசிஆர்ல வேன் ஓட்டுறவருக்குக் கொடுத்தா? முதல் வாரம் பகல்ல கண்ணு சொக்கும். முட்டுக்காடு பாலத்துல கண் அசந்தா யார் பொறுப்பு? வலிப்பு நோய் இருக்கிறவங்களுக்கும், பைபோலார் பிரச்சினை இருக்கிறவங்களுக்கும் தூக்கத்தைக் குறைக்கிறது ஆபத்து. தம்பியோட டெமோவுல வயசு கேட்டாங்க, எடை கேட்டாங்க, பிடிச்ச இசை கேட்டாங்க. தொழில் கேட்கல. நான் அன்னைக்கு மீனவர்கிட்ட பண்ண அதே தப்பு. நான் ஒருத்தர்கிட்ட பண்ணேன், ஆப் லட்சம் பேர்கிட்ட பண்ணும்.

குறட்டையும் அப்படித்தான். சத்தமாக் குறட்டை விட்டு, நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்திருக்கிறவருக்குத் தேவை புல்லாங்குழல் இல்லை, பரிசோதனை. இதை அவரே சொல்ல மாட்டார், பக்கத்துல படுக்கிறவங்ககிட்ட கேட்கணும். விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்து, "இனி எதுக்கு இருக்கணும்"னு தோணுதுன்னா அவருக்கு தியானம் போட்டுவிட்டு ஆப் ஒதுங்கக் கூடாது. 14416, டெலி மனஸ், இலவச எண், தமிழ்ல பேசுவாங்க. அந்தப் பட்டன் முதல் திரையில இருக்கணும்னு சொன்னேன்.

மார்க் விஷயத்துல எங்களுக்குள்ள சண்டையே வந்துடுச்சு. எனக்கு சொந்த அனுபவம் இருக்கு. ஒரு வாட்ச் வாங்கிக் கட்டினேன். 24 மணி நேர டூட்டி முடிச்சு வந்து நிம்மதியாத் தூங்கி எழுந்தா, 41னு காட்டுச்சு. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். பார்த்ததுக்கு அப்புறம் அசதி. அந்த வாட்ச் மூளையைப் பார்க்கிறதில்லை. கை அசைவையும் நாடித்துடிப்பையும் வெச்சு ஊகிக்குது. அசையாம விட்டத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தாலும் தூக்கம்னு எழுதிக்கும். மார்க்கைத் துரத்தி தூக்கத்தைத் தொலைக்கிறவங்களைப் பார்த்து 2017-ல சிகாகோ ஆராய்ச்சியாளர்கள் அதுக்கு ஆர்த்தோசோம்னியான்னு பேரே வெச்சாங்க. நான் வாட்ச்சைக் கழட்டிட்டேன். தம்பி சொல்றார், "மார்க் இல்லைன்னா யாரும் தினமும் திறக்க மாட்டாங்க டாக்டர்."

சரி, அங்கதான் விஷயமே இருக்கு. ஒருத்தர் உங்க ஆப்ல ராத்திரி நாற்பது நிமிஷம் செலவழிச்சா அது வெற்றியா, தோல்வியா? முதலீடு போடுறவருக்கு வெற்றி. எனக்கு அது நாற்பது நிமிஷம் தூங்காத ஆள். நல்ல தூக்க ஆப் காலைல ரெண்டு நிமிஷம் பேசணும், ராத்திரி ஊமையா இருக்கணும், எட்டு வாரத்துல "இனி நான் வேண்டாம், அழிச்சிடுங்க"ன்னு சொல்லணும். இதை வெச்சு எப்படி சந்தா வாங்குறதுன்னு கேட்டார். அது எனக்கும் தெரியல. சோம்ரிஸ்ட்னு ஒரு ஆப், அமெரிக்க எஃப்டிஏ அனுமதியே வாங்கினது 2020-ல. அதை வெச்சிருந்த பியர் தெரப்யூட்டிக்ஸ் 2023-ல திவாலாச்சு. சிகிச்சை வேலை செய்யறது வேற, வியாபாரம் ஓடுறது வேற. அதனாலதான் இது அரசு செய்ய வேண்டிய வேலைன்னு எனக்குத் தோணுது. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற ஊழியர்கள் இருக்காங்க. குறட்டையைப் பத்தியும் வேலை நேரத்தைப் பத்தியும் அவங்க ரெண்டு கேள்வி சேர்த்துக் கேட்க என்ன செலவு?

கடைசியா, கம்பெனிகளுக்கு மொத்தமா வித்துடலாம்னு ஒரு யோசனை வெச்சிருந்தார். நான் ஒரே பிடியா வேண்டாம்னேன். நாலு மணி நேரம்தான் தூங்கினேன்னு டிரைவர் உண்மையைச் சொன்னா மேனேஜர் லீவு கொடுப்பாரா, வண்டியைப் பிடுங்குவாரா? ரெண்டாவதுதான்னு தெரிஞ்சா எல்லாரும் எட்டு மணி நேரம்னு எழுதுவாங்க. அந்த டேட்டாவுல என்ன இருக்கும்?

நேத்து புது டெமோ அனுப்பியிருக்கார். திறந்ததும் முதல் கேள்வி: "நீங்க எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்பணும்?" 14416 பட்டன் இருக்கு. மார்க் இன்னும் இருக்கு, ஓரமா, சின்ன எழுத்துல. எடுத்துடுங்க தம்பின்னு பதில் போட்டேன். அவர் மெசேஜ் வந்த நேரம் ராத்திரி 1.40.