உடல் எடையைப் பார்த்து மறுக்கப்படும் வேலை: எங்கே முறையிடுவது?

மன்னார் கீரியில் என் அயலில் வசிக்கும் தங்கையொருத்தி நகரில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனாள். "இந்த உடம்போட நாள் முழுக்க நிக்க ஏலாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சான்றிதழ்களைப் பார்க்கவேயில்லை. "அக்கா, இதை எங்க முறையிடுறது?" என்று கேட்டாள்.

அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. உடல் எடை அதில் இல்லை. அடிப்படை உரிமை மனுவும் அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே செல்லும். தனியார் முதலாளியைத் தொடாது. தொழில் நியாய சபை, வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் முறைப்பாட்டை விசாரிக்கும். வேலையே மறுக்கப்பட்டவருக்கு அங்கு வழியில்லை.

போரில் காலை இழந்தவருக்கு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆட்சேர்ப்பில் பாரபட்சத்தை அது தடுக்கிறது. எடைக்கு அப்படி எதுவுமில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976 இலும் நியூயோர்க் நகரம் 2023 இலும் எடையைச் சட்டத்தில் சேர்த்துவிட்டன.

அடையாள அட்டையிலிருந்த பிறப்பிடத்தை வைத்து எடைபோடப்பட்டவர்கள் நாங்கள். தனியாரையும் கட்டுப்படுத்தும், ஆட்சேர்ப்பிலிருந்தே தொடங்கும் சட்டத்தைக் கேட்க எங்களுக்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தங்கைக்குச் சொல்ல என்னிடம் இன்னும் ஒரு முகவரியில்லை.